அடுத்தது வலது

எதையும் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும். பிறந்த வீட்டில் இதற்காக வாங்கிய திட்டுக்கு அளவில்லை. சுவர்க் கடிகாரத்தைக் கழற்றியதற்கும் தையல் மிஷினைக் கழற்றியதற்கும் அம்மா கை ஓய அடித்திருக்கிறாள். இவளைக் கட்டிக்கொள்ளப் போகிறவன் பாவம் என்று நகரியில் எங்கள் தெருவே பேசியது. கட்டிக்கொண்டவரோ ராணுவத்தில் சிக்னல் பிரிவில் இருந்துவிட்டு வந்து, சித்தூரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். புதிதாகக் குடித்தனம் வந்த சமயம், அவர் இல்லாத நேரம் பார்த்து ஒரு ரேடியோவின் பின்பக்க அட்டையைக் கழற்றிவிட்டேன். வந்து பார்த்தார். நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன். அவர் ஈயம் பற்றவைக்கும் கோலை என் கையில் கொடுத்து, "தொறந்தது தொறந்தாச்சு, அந்த ஒயரை ஒட்டு" என்றார். அன்றைக்குத்தான் எனக்கு நிஜமாகவே கல்யாணம் ஆனது என்று இன்னமும் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

அவருக்கு ஒரு பைத்தியம் இருந்தது. ராணுவத்தில் இருந்தபோது யாரோ ஒரு அதிகாரி தரையில் நின்றுகொண்டே ஒரு சின்ன விமானத்தை ரேடியோவால் திருப்பிக் காட்டினாராம். அதைப் பார்த்துவிட்டு வந்த மனுஷர் அதன் பிறகு மனுஷராக இல்லை. ரேடியோ இல்லாத சின்னச் சின்ன விமானங்களாகச் செய்து சந்திரகிரிக் கோட்டைக்குக் கீழே இருக்கிற வெட்டவெளியில் பறக்கவிட்டுப் பழகினார். அவற்றில் பாதி கோட்டைச் சுவரில் மோதி முடிந்தன. மீதியை ஆடு மேய்க்கிறவர்கள் பொறுக்கிக்கொண்டு போனார்கள். அதற்கெல்லாம் அவர் கவலைப்பட்டதே இல்லை. பெரிதாக ஒன்று செய்ய வேண்டும், அது சொன்ன பேச்சைக் கேட்க வேண்டும் என்பார். கட்டின பெண்டாட்டி சொன்ன பேச்சைக் கேட்பாள் என்று எதிர்பார்க்காத மனுஷருக்கு விமானத்திடம் மட்டும் இந்த ஆசை.

பெரிதாகத்தான் செய்தோம். நான் இரண்டு கையை விரித்து நின்றாலும் ஒரு பக்க இறக்கை மட்டும்தான் என் கைக்குள் அடங்கும். எலும்புக்கூடு மூங்கில் சிம்பு. நடுநடுவே கனம் இல்லாமல் நிரப்ப நெட்டி, மாலை கட்டுகிறவர்கள் வைத்திருப்பார்களே, அதேதான். மேலே போர்த்த மெல்லிய துணி வேண்டும் என்றார். நகரியில் எங்கள் வீட்டில் தறி இருந்தது. அண்ணனிடம் சொல்லி இடைவெளி தெரியாத மெல்லிய மல் துணியாக ஒரு துண்டு நெய்து வாங்கினேன். தறியில் ஏற்றுகிற பாவு நூலுக்குக் கஞ்சி போடுவது எனக்குக் கைவந்த கலை. இறக்கைக்கும் அதே மாதிரி வடிகஞ்சியைத் தடவி வெயிலில் காயவைத்தேன். துணி விறைத்துக்கொண்டு, விரலால் சுண்டினால் தம்பட்டம் மாதிரிச் சத்தம் போட்டது. அதற்கு மேலே அவர் வார்னிஷ் அடித்தார். மெட்ராஸ் மூர் மார்க்கெட்டில் தேடித் தேடி வாங்கி வந்த ஒரு குட்டி இன்ஜினை மூக்கில் பொருத்தினார். ரேடியோ சாமான்கள் ராணுவம் கழித்துக் கட்டியவை. வீட்டில் ரேடியோ கேட்பதற்கே லைசென்ஸ் எடுக்க வேண்டிய காலம் அது. இதற்கு ஏதாவது வாங்கினாரா, யாரிடம் வாங்கினார் என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அதை இயக்குகிற விதம் விசித்திரமானது. தரையில் ஒரு பெட்டி, அதில் உயரமான கம்பி, ஒரே ஒரு பித்தான். விமானத்துக்குள் இன்னொரு பெட்டி. பித்தானை அழுத்தினால் உள்ளே இருக்கிற குட்டி இரும்பு நாக்கு ஒன்று இன்னொரு முனையைத் தொடும். தொட்டால் மின்சாரம் போகும். போனால், முறுக்கிவைத்த ரப்பர் ஒரு கால் சுற்றுச் சுற்றி வாலில் இருக்கிற சுக்கானை இடது பக்கம் தள்ளும். பித்தானை விட்டால் சுக்கான் நடுவுக்கு வந்துவிடும். மறுபடி அழுத்தினால் இந்த முறை வலது. விட்டால் நடு. மறுபடி இடது. ஆக, வலது பக்கம் திரும்ப வேண்டும் என்றால் போன தடவை எந்தப் பக்கம் போனது என்று ஞாபகம் இருக்க வேண்டும். அங்கேதான் நான் வந்தேன். அவருக்குக் காலையில் காபி குடித்தது மதியம் மறந்துவிடும். நான் பக்கத்தில் நின்று, ஒவ்வொரு தடவை அவர் பித்தானை விட்டதும் "அடுத்தது இடது", "அடுத்தது வலது" என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். கடையில் இறக்கை இல்லாமலேயே இதைப் பழகினோம். ரேடியோ வாங்க வந்தவர்கள் எங்களை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்கள்.

இதற்கெல்லாம் எதிரியாக ஒருவர் இருந்தார். என் மாமனார். விஜயபுரம் பக்கத்தில் நிலம், வேர்க்கடலை, கொஞ்சம் நெல். அவருக்கு இவர் ஒரே பிள்ளை. பிள்ளை பட்டாளத்துக்குப் போனதே அவருக்குப் பிடிக்கவில்லை. திரும்பி வந்தவன் நிலத்துக்கு வராமல் சித்தூரில் ஊரார் ரேடியோவைக் கழற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பது அதைவிடப் பிடிக்கவில்லை. விமானம் செய்கிறான் என்று காதில் விழுந்ததும் பஸ் ஏறி வந்துவிட்டார். கடைக்குள் தொங்கின இறக்கையைக் கீழிருந்து கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தன் தீர்ப்பைச் சொன்னார்.

"அது மேல போயி, ஒரு சுத்து சுத்திட்டு, நான் நிக்கிற எடத்துக்கே திரும்பி வரட்டும். வந்துச்சுன்னா நான் வாயத் தொறக்க மாட்டேன், நீ இங்கியே இரு. வரலன்னா கடையக் காலி பண்ணிக்கினு பொண்டாட்டியக் கூட்டிக்கினு வூடு வந்து சேரு."

என் வீட்டுக்காரர் சரி என்று தலையாட்டிவிட்டார்.  கிராமத்தில் எனக்கு என்ன வேலை இருக்கும் என்று எனக்குத் தெரியும். விடியலில் சாணம், பிறகு களம், பிறகு அடுப்பு. அங்கே திறந்து பார்க்க என்ன இருக்கிறது, கடலைக் காயைத் தவிர? நான் அப்போதுதான் வால்வு பார்த்துப் பழுது சொல்கிற அளவுக்கு வந்திருந்தேன். எனக்கு அந்தக் கடை வேண்டும். அது மட்டும்தான் வேண்டும்.

மாமனார் ஊரில் அப்போது எங்கே பார்த்தாலும் எல்லைப் பேச்சு. ஆந்திரா தனியாகப் போய்ச் சில வருஷம் ஆகியும், எங்கள் ஜில்லாவில் எந்த ஊர் இங்கே, எந்த ஊர் மெட்ராஸுக்கு என்பது முடிவாகாமல் இழுத்துக்கொண்டே இருந்தது. திருத்தணி மெட்ராஸ் பக்கம் போகிறது என்பது மட்டும் ஏறக்குறைய நிச்சயம் என்றார்கள். மாமனாருக்கு அதில் பெரிய மனக்குறை. தணிகை முருகன்தான் அவர் குலதெய்வம். முருகன் அந்தப் பக்கம், நாம் இந்தப் பக்கமா என்று சாப்பிடும்போதுகூடச் சொல்லிக்கொண்டிருப்பார். ஊருக்கு ஊர் புரளி வேறு. கால்வாய்தான் எல்லை என்பார்கள், அடுத்த நாள் கால்வாய் இல்லை, ரோடு என்பார்கள்.

பங்குனியில் ஏரி வற்றிக் களிமண் தரை வெடித்துக் கிடந்தது. அதைவிட நல்ல மைதானம் கிடைக்காது. முந்தின நாளே விமானத்தைப் பிரித்து பஸ் கூரையில் ஏற்றிக் கொண்டுபோய் மாமனார் வீட்டுக் கூடத்தில் வைத்துப் பொருத்தினோம். காலையில் மாமியார் மஞ்சள், குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினார். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். மாமனார் அந்தப் பக்கமே திரும்பவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே, "இதுக்கு ஒரு பூசை கேடா" என்றார். எனக்கு வந்த கோபத்தை இறக்கையைத் துடைப்பதில் காட்டினேன்.

ஏரிக்குள் ஊரே வந்து நின்றது. மாமனார் தள்ளி, ஒரு வேலமரத்தடியில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அதுதான் அவர் சொன்ன இடம். விமானம் அங்கேதான் திரும்பி வர வேண்டும். தெற்கிலிருந்து இதமான காற்று வந்தது. காற்றுக்கு எதிராக, தெற்குப் பார்த்து வைத்தோம். பித்தானை அழுத்தி ஒரு தடவை சரிபார்த்தோம். சுக்கான் இடது, நடு, வலது, நடு என்று சமர்த்தாக ஆடியது. இன்ஜினை ஓடவிட்டார். அது போட்ட கூச்சலில் நாய்கள் எல்லாம் கரையேறிவிட்டன.

நான்தான் பின்னாலிருந்து தள்ளி விட்டேன். அது கொஞ்ச தூரம் குதித்துக் குதித்து ஓடியது. பிறகு சக்கரத்துக்கும் தரைக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. அந்த வெளிச்சத்தை என்னால் மறக்க முடியாது. நான் கஞ்சி போட்ட துணி, நான் முடிச்சுப் போட்ட மூங்கில், என்னை விட்டு மேலே போகிறது. எப்படிப் போகிறது? எனக்குக் காரணம் தெரியும், அவர் படம் போட்டு விளக்கியிருக்கிறார். தெரிந்தும் நம்ப முடியவில்லை. வாயைப் பிளந்துகொண்டு நின்றவள், என் வேலை ஞாபகம் வந்து அவர் பக்கத்துக்கு ஓடினேன்.

"அடுத்தது இடது" என்றேன். அழுத்தினார். வெயிலில் இறக்கை பளபளக்க இடது பக்கம் சாய்ந்து அழகாகத் திரும்பியது. விட்டார். "அடுத்தது வலது." அழுத்தினார். வலது பக்கம் வளைந்து மறுபடி தெற்கைப் பார்த்தது. ஏரிக்குள் இருந்த ஜனம் ஒரே குரலில் ஆ என்றது. "அடுத்தது இடது" என்றேன். இடது பக்கமாக முழுச் சுற்று ஒன்று சுற்றி வேலமரத்துக்குக் கொண்டுவர வேண்டும். அழுத்தினார். விமானம் நேராகப் போனது. விட்டு மறுபடி அழுத்தினார். நேராகப் போனது. பித்தானைத் தட்டினார், கம்பியை ஆட்டினார், பெட்டியையே தூக்கிக்கொண்டு நாலு எட்டு ஓடினார். அது எங்களுக்கும் தனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லாத மாதிரி கரையைத் தாண்டி, பனைமரங்களைத் தாண்டி, தெற்கே போய்க்கொண்டே இருந்தது. சத்தம் கொசு ரீங்காரமாகி, அதுவும் கேட்காமல் போனது.

அவர் என்னைப் பார்த்து, "நீ சரியாத்தான் சொன்னியா?" என்று கேட்டார்.

அந்த ஒரு கேள்விக்கு அவரை நான் அங்கேயே விட்டுவிட்டு நகரிக்கு பஸ் ஏறியிருக்கலாம். இடது என்றாலும் வலது என்றாலும் ஏதாவது ஒரு பக்கம் திரும்பியிருக்க வேண்டாமா? திரும்பவே இல்லையே? இதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் வேலமரத்தடியிலிருந்து மாமனார் குரல் வந்தது.

"பொம்பளைய கணக்கு சொல்லச் சொன்னா இப்டிதான்."

சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஊரைப் பார்த்து நடந்தார்.  இதற்குப் பதில் அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது, அதைத் திறந்து காட்டித்தான் இந்த மனுஷர் வாயை அடைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

மாமனாருடைய சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். நான் பின்னால் கேரியரில்.  கொஞ்ச தூரம் போனதும் எனக்கே பொறுக்காமல், எதனால் சுக்கான் திரும்பாமல் நின்றிருக்கும் என்று ஆரம்பித்தேன். பாட்டரி செத்திருக்குமா? செத்தால் கொஞ்சம் கொஞ்சமாகத்தானே சாகும் என்றார். ஒயர் அறுந்திருக்குமா? அவர் ஒட்டின ஒயர் அறாது, நான் ஒட்டினது அறலாம் என்றார். முதுகில் ஒன்று வைத்தேன். ரப்பர் முறுக்கு தீர்ந்துவிட்டதா? காலையில்தான் முறுக்கினோம். தூரம் அதிகமாகிவிட்டதா? தலைக்கு மேலே இருந்தபோதே கேட்கவில்லையே. ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போனதில் எனக்குக் கோபம் குறைந்து, என்னதான் ஆகியிருக்கும் என்கிற அரிப்பு மட்டும் மிச்சமிருந்தது.

வழியில் கேட்காத ஆள் இல்லை. களை வெட்டிக்கொண்டிருந்தவர்கள், தணிகை மலைப் பக்கம் போனது என்று கை காட்டினார்கள். மாடு மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியதற்கு ஒருவர் எங்களிடம் நியாயம் கேட்டார். அதைத்தான் தேடுகிறீர்களா என்கிற மாதிரி ஒருவர் ரகசியமாக, அது சர்க்கார் அனுப்பினது, எல்லைக் கல் எங்கே நடுவது என்று மேலே இருந்து பார்க்கிறார்கள் என்றார். என் வீட்டுக்காரர் சிரித்தார். அந்தச் சிரிப்பு அடுத்த ஊர் வரைக்கும்தான் இருந்தது.

கால்வாயை ஒட்டி ஒரு கடலைத் தோட்டம். அறுவடை ஆன மொட்டை நிலம். நடுவில் எங்கள் விமானம் மூக்கு கொஞ்சம் மண்ணில் புதைந்து, மற்றபடி ஒரு கீறல் இல்லாமல் உட்கார்ந்திருந்தது. எண்ணெய் தீர்ந்து இன்ஜின் நின்றதும் தானாகவே மிதந்து இறங்கியிருக்கிறது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஓடினேன். ஆனால் கிட்டே போக முடியவில்லை. அதைச் சுற்றி முள் வெட்டிப் போட்டு வேலி கட்டியிருந்தார்கள். தரையில் விழுந்த இறக்கை நிழலைச் சுற்றிச் சுண்ணாம்பால் கோடு போட்டிருந்தது. வேலிக்கு வெளியே ஊரே காவல் நின்றது.

ஊர் முன்சீப் முன்னால் வந்தார். எங்களை அளந்து பார்த்துவிட்டு, "மீதி ஏ ஊரு?" என்று தெலுங்கில் ஊர் கேட்டு ஆரம்பித்தார். நாங்கள் எந்த ஊர் என்று சொன்னாலும் அவருக்கு அது போதவில்லை. அவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். இது ஆந்திரா அனுப்பினதா, மெட்ராஸ் அனுப்பினதா? இது விழுந்த இடத்தில்தான் எல்லைக் கல் வரும் என்று ஊரில் முடிவு பண்ணிவிட்டார்கள். கால்வாயா ரோடா என்று இத்தனை நாள் அடித்துக்கொண்டதற்கு வானத்திலிருந்தே பதில் வந்துவிட்டதாம். அளக்க அதிகாரி வருகிற வரைக்கும் யாரும் தொடக்கூடாது, நகர்த்தினால் எல்லை நகர்ந்துவிடும் என்றார். இது பொம்மை, நாங்கள் வீட்டில் செய்தது என்று என் வீட்டுக்காரர் சொன்னதை ஒருவரும் காதில் வாங்கவில்லை. பொம்மையை யாராவது இவ்வளவு பெரிதாகச் செய்வார்களா என்று கேட்டார்கள். 

நிலத்துக்காரம்மா ஒருத்தி, காது நிறையக் கம்மல் போட்டுக்கொண்டு, என்னை மட்டும் தனியாக ஓரம் கட்டினாள்.

"ஏம்மா, உனுக்குப் புண்ணியமா போவும். அத்த அந்தக் கெணத்துக்கு அப்பால கொஞ்சம் தள்ளி வச்சிட்டுப் போங்க. இங்க கல்லு நட்டுட்டா கெணறு ஒரு நாட்டுல, கழனி ஒரு நாட்டுல பூடும். நான் எப்டி தண்ணி எறைக்கிறது?"

சிரிக்க முடியவில்லை. அவள் நிஜமாகவே பயந்துபோயிருந்தாள். எனக்கு ஒரு கடை போகிறது, அவளுக்கு ஒரு கிணறு போகிறது. இருவருக்குமே முடிவு அந்தத் துணிக் குருவி கையில் இருந்தது. பேசிப் பிரயோஜனமில்லை, திறந்து காட்டுவோம் என்று முடிவு பண்ணினேன். முள்ளை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன். முன்சீப் ஏதோ சத்தம் போட்டார். விமானத்தை நகர்த்தவில்லை, மூடியைத்தான் திறக்கிறேன் என்று சொல்லிவிட்டு, இறக்கையைப் பிடித்திருந்த ரப்பர்களைக் கழற்றினேன். எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். உள்ளே இலவம்பஞ்சு மெத்தை, அதற்குள் ரேடியோப் பெட்டி. பெட்டி மூடியைத் திறந்தேன்.

உள்ளே வெள்ளை வெளேரென்று இருந்தது. வால்வு மேல், ஒயர் மேல், எல்லாவற்றின் மேலும் மாவு தூவின மாதிரி. இரும்பு நாக்குக்குப் பக்கத்தில் ஒரு காகிதப் பொட்டலம் செருகியிருந்தது. இன்ஜின் அதிர்வில் கிழிந்து உள்ளே இருந்ததெல்லாம் கொட்டியிருந்தது. விரலில் தொட்டு முகர்ந்தேன். விபூதி. நாக்குக்கும் முனைக்கும் நடுவே அது புகுந்துகொண்டதால், நாக்கு நகர்ந்தாலும் தொடவில்லை. தொடாவிட்டால் மின்சாரம் எங்கே போகும்? ஊதினேன். என் வீட்டுக்காரர் நாக்கை விரலால் அழுத்தினார். வால் பக்கம் சுக்கான் டக்கென்று இடது பக்கம் ஆடியது. நான் சொன்னேனே, அடுத்தது இடது என்று. அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்க வேண்டிய அவசியமே வைக்கவில்லை அந்தப் பார்வை.

நிலத்துக்காரம்மாதான் முதலில் பேசினாள்.

"சர்க்காரு ஏரோப்ளேன்ல எவன் துண்ணூறு வைப்பான்? இது யாரோ பெத்தவங்க வச்சது. பாவம், எடுத்துக்கினு போவட்டும் வுடுங்க."

அதோடு ஊர் கலைந்துவிட்டது. முன்சீப்புக்கு மட்டும் கொஞ்சம் ஏமாற்றம். நான் பொட்டலத்தைக் கையில் எடுத்துப் பார்த்தேன். நாலு மூலையையும் உள்ளே மடித்துச் சணல் நூலால் குறுக்கே இரண்டு சுற்று. விதைக் கடலையை இப்படித்தான் முடிந்து வைப்பார் என் மாமனார். வீட்டுக்குப் போன நாள் எல்லாம் பரணில் பார்த்திருக்கிறேன். வேறு யாரும் அப்படிக் கட்ட மாட்டார்கள்.

எனக்குக் கோபம் ஜிவ்வென்று ஏறியது. பூசை ஒரு கேடா என்று கேட்ட மனுஷர், விடியலில் யாரும் பார்க்காதபோது வந்து, அத்தனை இடம் இருக்க அந்த நாக்குக்குப் பக்கத்தில் செருகியிருக்கிறார். செருகிவிட்டு, பொம்பளை கணக்கு என்கிறார். பொட்டலத்தை முந்தானையில் முடிந்துகொண்டேன். இதை அவர் முகத்துக்கு நேரே அவிழ்த்துக் காட்டாமல் விடுவதில்லை. வேண்டாம் என்றார் என் வீட்டுக்காரர். அப்பா மனசு நோகும் என்றார். என் மனசு நொந்தது யாருக்கும் தெரியவில்லையா என்று கேட்டேன். 

விமானத்தைப் பிரித்து ஒரு கட்டைவண்டியில் வைத்து, சாயங்கால வெயிலில் ஊர் திரும்பினோம். நான் வழி முழுக்க மனசுக்குள் பேச்சு தயார் பண்ணிக்கொண்டு வந்தேன். மாமனார் அந்த வேலமரத்தடியிலேயே நின்றுகொண்டிருந்தார். நாங்கள் கிளம்பின பிறகு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் திரும்பி வந்து, அன்றைக்கு முழுக்க அங்கேயே நின்றார் என்று மாமியார் பிறகு சொன்னார். வண்டி கிட்டே வந்ததும் ஓடி வந்தார். பிள்ளையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கவில்லை. இறக்கையைத் தடவினார், மூக்கைத் தடவினார், எங்கேயாவது உடைந்திருக்கிறதா என்று அடியில் குனிந்து பார்த்தார். நான் முந்தானை முடிச்சில் கை வைத்தேன்.

"ஏம்மா, பொட்டிக்குள்ள ஒரு பொட்டலம் இருந்துச்சே, இன்னும் இருக்குதா?" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். "தணிகைக்கு நடந்தே போயி வாங்கியாந்தேன். எவ்ளோ ஒயரத்துல இருந்து வுழுந்துச்சு, பாரு, ஒரு நகம் கூட ஒடையல."

தயார் பண்ணின பேச்சு எல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. விஜயபுரத்திலிருந்து தணிகை எவ்வளவு தூரம் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவருக்கு முட்டி வலி. என் வீட்டுக்காரர் எதையும் கேட்காத மாதிரி கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். நான் முடிச்சை அவிழ்த்து, கிழிந்த பொட்டலத்தை நீட்டினேன். மிச்சம் இருந்ததை எடுத்து மாமனார் தன் நெற்றியில் பூசிக்கொண்டார், விமானத்தின் மூக்கில் பூசினார், கொஞ்சம் தயங்கி என் நெற்றியிலும் வைத்தார். வைத்துவிட்டு மகனிடம் சொன்னார்:

"நான் நின்ன எடத்துக்குத் திரும்பி வரணும்னு சொன்னேன். பறந்து வந்தா இன்னா, வண்டியில வந்தா இன்னா. வந்துச்சு. நீ சித்தூருக்கே போ."

சித்தூர் பஸ்ஸில் என் வீட்டுக்காரர் ஜன்னலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தார். எதற்குச் சிரிக்கிறீர்கள் என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றார். எனக்கு மட்டும் ஒரு உறுத்தல் இருந்துகொண்டே இருந்தது. கடை கிடைத்துவிட்டது. ஆனால் எனக்குக் கணக்குத் தெரியாது என்று மாமனார் சொன்னது அப்படியே நிற்கிறதே.

அடுத்த வருஷம் மறுபடி பங்குனி, மறுபடி அதே ஏரி. அதற்குள் எல்லையும் முடிவாகிவிட்டது. தணிகை அந்தப் பக்கம் போனது, நாங்கள் இந்தப் பக்கம் நின்றோம். மாமனார் அதற்காகத் தணிகைக்குப் போவதை நிறுத்தவில்லை. விமானத்தில் நான் ஒரு மாற்றம் செய்திருந்தேன். இறக்கைக்குப் பின்னால், ரேடியோப் பெட்டிக்குத் தள்ளி, ஒரு தைல டப்பா கொள்ளும் அளவுக்கு நெட்டியைக் குடைந்து இடம் விட்டிருந்தேன். காலையில் மாமனார் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தபோது, காலி டப்பாவை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் நீட்டினேன்.

அவர் டப்பாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். குவளையைக் கீழே வைத்தார்.

"அன்னிக்கு அதாலதான் போச்சா?"

"ஆமா மாமா" என்றேன். பொய் சொல்ல வரவில்லை.

 மாமனார் இடுப்பிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து, அப்படியே டப்பாவுக்குள் வைத்து, மூடியை அழுத்தி மூடினார். போதாதென்று துண்டிலிருந்து ஒரு நூலை உருவி, மூடியைச் சுற்றிக் கட்டி, கொட்டிடப் போவுது என்றார். நான் சொன்ன இடத்தில் அவரே கொண்டுபோய் வைத்தார்.

ஏரியில் அவர் வேலமரத்தடிக்குப் போகவில்லை. எங்கள் பக்கத்திலேயே வந்து நின்றார். விமானம் மேலே போனது. இடது பக்கம் திரும்பி நடுவுக்கு வந்ததும், என் வீட்டுக்காரர் என்ன நினைத்தாரோ, பெட்டியை அப்பாவிடம் கொடுத்தார். கடலை பிடுங்கிக் காய்த்துப்போன கட்டைவிரலைப் பித்தான் மேல் வைத்துக்கொண்டு மாமனார் வானத்தையே பார்த்தார். அழுத்தவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"அடுத்தது எந்தப் பக்கம்மா?"

"வலது மாமா" என்றேன். அழுத்தினார். வலது பக்கம் திரும்பியது.